அது மட்டும் தவிர

"எந்த மாதிரிப் பாட்டு கேட்பீங்க?" என்று யாராவது கேட்டால் பலரிடமும் தயாராக இருக்கும் பதில், "எல்லாமே கேட்பேன்." தாராளமான பதில்தான். சற்றுப் பொறுத்தால் அதன் வால் வெளியே வரும்: "இந்தக் கானா மட்டும் ஆகாது."

அமெரிக்கச் சமூகவியலாளர் பெத்தனி பிரைசன் அந்த வாலைத்தான் பிடித்துப் பார்த்தார். எது பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, எது பிடிக்காது என்று மக்கள் சொன்னதை எடுத்துக்கொண்டார். 1996இல் வெளிவந்த அவருடைய ஆய்வின்படி, சகிப்புத்தன்மை மிகுந்தவர்கள் பல வகை இசையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களும் ஒதுக்குகிற ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி, காஸ்பெல் ஆகியவை, படிப்பு குறைந்த மக்கள் அதிகம் விரும்பிக் கேட்பவை.

அப்படியானால் ஒதுக்குவது பாட்டையா, பாடுகிறவரையா?

கானா வடசென்னையின் உழைக்கும் மக்களுடைய பாட்டு. சாவு வீட்டில், பிணத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பவர்களுக்காகப் பாடப்பட்டது. போனவரின் பெருமையையும் இருப்பவரின் துக்கத்தையும் தாளத்தில் ஏற்றிச் சொல்வது. அதே தாளம் சினிமாவில் வந்தால் கால் ஆடுகிறது, தெருமுனையில் வந்தால் ஜன்னல் மூடுகிறது. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவை ராக், ராப்புடன் சேர்த்துச் சென்னை மேடையில் ஏற்றியபோது, மூடிய ஜன்னல்கள் சிலவாவது திறந்திருக்கும்.

காதுக்கு ஒவ்வாதது என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரை நினைத்தால் நிதானமாக நகரும் பெரிய கிருதிகள்தான் நினைவுக்கு வரும். அவரே சென்னைப் பக்கம் இருந்த நாட்களில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டு. இந்தப் பாட்டுகளை நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

கனடாவின் பியானோ மேதை கிளென் கோல்டு இன்னொருவர். பாஹ் வாசிப்பதில் உலகப் புகழ் பெற்ற அவர், 1967இல் பெட்டுலா கிளார்க் என்ற பாப் பாடகியைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். "எனக்குப் பாப்பும் பிடிக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. குறிப்பிட்ட நான்கு பாட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் சுரக் கட்டமைப்புவரை அலசினார். பாப் என்பதாலேயே எல்லாவற்றையும் அவர் கொண்டாடவுமில்லை. பீட்டில்ஸ் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

வடக்கு ஒன்டாரியோவின் நெடுஞ்சாலையில் போகும்போதுதான் வானொலியில் அந்தப் பாட்டுகளில் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. ஓர் ஊரின் அலைவரிசை மங்கி அடுத்த ஊரின் அலைவரிசை எட்டுகிற தூரத்தைக் கணக்குப் போட்டு, பாட்டு மறுபடி மறுபடி காதில் விழும்படி காரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினார்.