மணலில் ஒரு கோடு

கோல்ப் பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக்கூடாது. 2001 பிரிட்டிஷ் ஓபன் இறுதி நாளில், முன்னிலையில் இருந்த இயன் வூஸ்னமின் பையில் 15ஆவது மட்டை கிடந்தது. 2 அடிகள் அபராதம். ஆனால் குறைந்தது இத்தனை வேண்டும் என்று விதி எங்கும் கேட்கவில்லை. ஒரேயொரு ஏழாம் இலக்க இரும்பு மட்டை போதும். காசுக்காரர் ஆட்டம் என்று ஒதுங்கி நிற்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

பழகப் புல்தரையும் தேவையில்லை. கல்முனைக் கடற்கரையில், அலை நனைத்து இறுகிய மணலில், இலக்குக்குக் குறுக்காக ஒரு கோடு கீறுங்கள். கோடு இரு கால்களுக்கும் நடுவே வரட்டும். பந்தில்லாமல் வீசி, மணல் கிளம்பிய இடத்தைப் பாருங்கள். கோட்டுக்குப் பின்னால் என்றால், மட்டை தரையில் இடித்து வேகம் இழந்த பிறகே பந்தைத் தொடும். கோட்டிலோ சற்று முன்னாலோ என்றால் பந்து முதலில், தரை பிறகு. அதுதான் சரியான அடி.

புதியவர்கள் பந்தைத் தூக்கிவிட எண்ணிப் பாரத்தைப் பின்காலில் வைத்துவிடுகிறார்கள். தூக்கும் வேலையை மட்டை முகத்தின் சரிவு பார்த்துக்கொள்ளும். வீச்சு முடியும்போது பாரம் இலக்குப் பக்கக் காலில் இருக்கட்டும். கிரிக்கெட்டில் முன்காலில் ஆடிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஆட்களும் தோணிகளும் இல்லாத பக்கமாகப் பார்த்து நின்று வீசுங்கள்.