மின்கலமும் மனச்சான்றும்

நன்னோக்கங் கொண்ட ஓர் ஆராய்ச்சி, தனக்கு வேண்டிய மூலப்பொருள் எவர் உழைப்பாற் கிடைக்கின்றது என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டுமா? ஒழுக்கவியலிற் பழமையான இவ்வினா, மின்னூர்திகளுக்கான மீள்மின்னேற்றக் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சியிற் புதிய கூர்மை பெற்றுள்ளது.

1980ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃபும் அவர்தம் குழுவினரும், இலிதியம் கோபாற்று ஒட்சைட்டை நேர்மின்வாயாகக் கொண்டால் ஏறத்தாழ 4 வோல்ற்று அழுத்தம் பெறலாம் எனக் காட்டினர். 1985இல் ஜப்பானில் அக்கிரா யொஷினோ அதனைக் காபன் மின்வாயுடன் இணைத்துப் பாதுகாப்பான கலமொன்றை உருவாக்கினார்; 1991இல் இவ்வகைக் கலம் சந்தைக்கு வந்தது. இவ்விருவருக்கும் ஸ்டான்லி விற்றிங்காமுக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆயின், உலகில் அகழப்படும் கோபாற்றிற் பெரும்பகுதி கொங்கோ சனநாயகக் குடியரசிலிருந்தே வருகின்றது. அங்கு கைக்கருவிகளால் மண்ணைத் தோண்டுவோரிடையே சிறுவரும் உழைப்பதைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2016இல் எடுத்துக்காட்டியது.

இதன்பொருட்டு அவ்வாய்வாளரைக் குற்றஞ் சாட்டுதல் தகாது. பின்விளைவை அவர்கள் அன்று அறிந்திலர். எனினும் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் கடந்ததை நோக்குவது; பொறுப்பு வருவதை நோக்குவது. உண்மை தெரிந்த பின்னர், மின்வாய்க்குரிய பொருளைத் தெரிவது இரசாயனவியற் பிரச்சினை மட்டுமன்று.

மாற்றுவழி இல்லாமலுமில்லை. குடினஃபின் குழுவினரே 1997இல் அமெரிக்காவில் இலிதியம் இரும்பு பொசுபேற்றை முன்வைத்தனர். அதிற் கோபாற்று இல்லை. ஒரே நிறையில் அது சேமிக்கும் சக்தி குறைவு; ஆயினும் விலை மலிவு, வெப்பத்தைத் தாங்கும் உறுதியும் மிகுதி. இன்று மின்னூர்திகள் பல அதனால் ஓடுகின்றன. எனவே, ‘சிறந்த மின்கலம்’ எது என்பது எந்த அளவுகோலால் அளக்கின்றோம் என்பதைப் பொறுத்தது. ஊர்தி ஓடும் தூரம் ஓர் அளவுகோல். அதற்காகப் பிறர் கொடுக்கும் விலை மற்றோர் அளவுகோல்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கோபாற்றை விலக்கிவிட்டால் மனச்சான்று தூய்மையாகிவிடும் எனக் கருதுதல் எளிது. தோண்டும் குடும்பத்திற்கோ துன்பத்துடன் கூலியும் அற்றுப்போகும். சுரங்கம் மூடப்பட்டதனால் மட்டும் சிறுவன் பள்ளிக்குச் சென்றுவிடமாட்டான். பிறர் உழைப்பாற் பயன்பெற்றோர், அப்பொருள் தேவையற்றுப்போன அன்றே தம் கடனுந் தீர்ந்ததெனக் கைகழுவுதல் அறமாகாது. ஆய்வுகூடம் பொருளை மாற்றலாம்; கடனைத் தீர்த்தல் அதன் பயனை நுகர்ந்த சமுதாயத்தின் பணியாகும்.