எனக்கு மட்டும் கட்டுப்படும் வண்டி

“இந்த வண்டி என்னைத் தவிர வேற யார் கைக்கும் நிக்காது.”

அப்பா தன் பழைய ஸ்கூட்டரைப் பற்றி இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். கைப்பிடியைத் திருகி கியர் மாற்றும் ரகம். கேபிள் தளர்ந்து போயிருந்ததால், கைப்பிடி இரண்டு என்று காட்டும். உள்ளே நியூட்ரலில் கிடக்கும். எந்த இடத்தில் எவ்வளவு கூடுதலாகத் திருகணும் என்பது அவருடைய மணிக்கட்டுக்குத் தெரியும். அம்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். தெருமுனையிலேயே நின்றுவிட்டது. “உனக்கு வராது, விடு” என்றார் அப்பா. அம்மாவும் விட்டுவிட்டார். அதன் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை.

இருபத்தைந்து வருடம் கழித்து, டெக்ஸாஸில், அதே வாக்கியத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னுடையது 1995ஆம் வருட மாடல் மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய கூரை, 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர். 1989இல் இந்தக் கார் வெளிவந்தபோது, அதை உருவாக்கியவர்கள் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரைத் தங்கள் இலக்காக வைத்திருந்தார்கள். குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஓருடலாவது என்று பொருள். அதற்கேற்ற மாதிரிதான் அதன் கியர் ராடும். பல கார்களில் கியர் ராடுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கேபிளோ இணைப்புத் தண்டோ இருக்கும். இதில் ராடு நேராக கியர்பாக்ஸுக்குள்ளேயே இறங்குகிறது. கையில் படுவது பல்சக்கரங்களின் அசைவேதான்.

நான் வாங்கும்போது அப்படி இல்லை. கியரில் போட்ட பிறகும் ராடு இரண்டு பக்கமும் ஆடும். நம்மூர் மெக்கானிக்குகள் ‘ப்ளே ஜாஸ்தி’ என்பார்களே, அது. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் ஐந்தில் போய் உட்காரும். சரி, உள்ளங்கையால் லேசாக இடது பக்கம் அணைத்துத் தள்ளினால் மூன்று விழுகிறது என்று கண்டுபிடித்தேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆறு மாதத்தில் அப்படி ஒரு அணைப்பு கொடுக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

ஹைடெக்கர் ‘இருத்தலும் காலமும்’ நூலில் (1927) கருவிகளைப் பற்றிப் பேசும் இடம் பிரபலமானது. சுத்தியல் நன்றாக வேலை செய்யும்போது அது நம் கவனத்துக்கே வருவதில்லை. பழுதாகும்போதுதான் துருத்திக்கொண்டு தெரிகிறது. கல்லூரி முடித்த காலத்தில் இதைப் படித்துவிட்டுப் பல வருடம் மேற்கோள் காட்டித் திரிந்திருக்கிறேன். கியர் ராடு எனக்குக் காட்டியது வேறு. பழுதான கருவியும் மறைந்துபோகும், கை அந்தப் பழுதைக் கற்றுக்கொண்டுவிட்டால். ஆனால் அது என் கண்ணுக்குத்தான் மறைகிறது. அடுத்தவர் கைக்கு அது அங்கேயேதான் இருக்கிறது.

என் மனைவி கோவையில் கியர் வண்டியில் ஓட்டப் பழகியவள். அங்கே இடது கையால் கியர் மாற்ற வேண்டும். இங்கே வலது கையால். ஒருநாள் மியாட்டாவை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஏறும் பாதையில் போனாள். இரண்டிலிருந்து மூன்று போட்டாள். ஐந்து விழுந்தது. எஞ்சின் திணறி, வண்டிக்கு வேகமே எடுக்கவில்லை. பின்னால் ஒரு பெரிய டிரக், விடாமல் ஹாரன். எப்படியோ ஓரம் கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வைத்தவள், “எனக்கு வலது கை இன்னும் வரல. நீயே ஓட்டிக்கோ” என்றாள்.

“பழகப் பழக வந்துடும்” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். இரண்டு வருடம் அவள் அந்தக் காரைத் தொடவில்லை.

ராடைக் கடைசியில் நான் கழற்றியதும் அவளுக்காக இல்லை. ராடுக்கு அடியிலிருந்து சூடான காற்று மேலே வர ஆரம்பித்தது. டெக்ஸாஸ் வெயிலில் அது தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை நியூட்ரலில் வைத்து, கைக்குமிழைத் திருகி எடுத்து, கன்சோலைக் கழற்றினேன். மேல் ரப்பர் உறைக்கு நான்கு போல்ட். அதன் கீழே ராடைப் பிடித்திருக்கும் மூடிக்கு மூன்று. எல்லாமே 10 எம்எம். ரப்பர் உறை கிழிந்திருந்தது. ராடை மேலே இழுத்ததும் விஷயம் புரிந்தது. அதன் அடி நுனியில் ஒரு நைலான் புஷ் மாட்டியிருக்க வேண்டும். விரல் நுனியில் அடங்கும் குப்பி மாதிரி ஒன்று. அது உடைந்து, ஒரு துண்டு கறுத்துப்போன எண்ணெயில் கிடந்தது. நீண்ட இடுக்கியால் எடுத்தேன். பழைய எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சிவிட்டுப் புது கியர் ஆயில் ஊற்றி, புது புஷ், புது ரப்பர் உறை. அரைநாள் வேலை.

ராடு ஒரு நெம்புகோல். அது திரும்பும் குண்டுக்குக் கீழே நீளம் கொஞ்சம், மேலே நிறைய. அடியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், மேலே கைக்குமிழில் அது பல மில்லிமீட்டராகப் பெருகும். அந்த புஷ் நைலானில் இருப்பதற்கும் காரணம் உண்டு. இரும்பும் இரும்பும் நேராக உரசினால் சத்தமும் அதிர்வும் கைக்கு ஏறும். விலை உயர்ந்த பாகங்கள் தேயும். அதனால் தேய்வதற்கென்றே மிருதுவான ஒன்றை நடுவில் வைக்கிறார்கள். அத்தனை வருடம் உழைத்துத் தேய்ந்தது அதன் குற்றமில்லை. செய்தவர்கள் குற்றமும் இல்லை. கொஞ்சம் ப்ளே இல்லாமல் எந்த இயந்திரமும் அசையாது என்பதும் உண்மை.

அப்படியென்றால் தவறு எங்கே நடந்தது?

‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்பதை நாம் ஒரு நற்குணமாகத்தான் வளர்த்திருக்கிறோம். பேருந்தில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்காருவதும், காது மந்தமான தாத்தாவிடம் குரல் உயர்த்திப் பேசுவதும் அட்ஜஸ்ட்மெண்ட்தான். அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே சிரமம் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிகிறது, அதைப் பங்கிட்டுக்கொள்கிறோம். நான் செய்தது வேறு. பழுதை என் திறமைக்குள் ஒளித்துவைத்தேன். விளைவு, வண்டியின் குறை அடுத்தவர் கையின் குறையாக மாறிவிட்டது. பொறுமைக்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பொறுத்துக்கொள்பவர் விலையைத் தானே கொடுக்கிறார். நான் கொடுக்கவில்லை.

அலுவலகத்திலும் என்னிடம் இப்படி ஒன்று இருந்தது. ஒரு ஸ்கிரிப்ட், முதல் முறை ஓட்டினால் தோற்கும், இரண்டாம் முறை சரியாக ஓடும். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ‘அவர்ட்ட கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்’ என்று பிறர் சொல்வது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு இரவு முழுக்கத் தன் கோடில் பிழை தேடிக்கொண்டிருந்தான். காலையில் என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை ‘சாரி’.

அன்று மாலை மனைவியிடம் சாவியைக் கொடுத்தேன். வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினாள். ஒன்று, இரண்டு. மூன்றுக்கு முன்னால் அவள் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு தள்ளினாள். ‘டக்’ என்று விழுந்தது. நான்கு போனாள், திரும்ப மூன்றுக்கு வந்தாள், மறுபடி நான்கு. சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. சிக்னலில் நின்றபோது, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்:

“அப்போ இது வண்டிலதான் இருந்திருக்கு. உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் இடது பக்கம் அணைத்துத் தள்ளிய உள்ளங்கை மடியில் இருந்தது.

“கைக்குத் தெரிஞ்சிருக்கு” என்றேன்.

“கை உன்னோடதுதானே?” என்றாள். பச்சை விழுந்தது. ஒன்றில் போட்டு நகர்த்தினாள்.