பிறர் நெஞ்சை அறியும் உரிமை: ஆடம்ஸ், ஜெஃபர்சன், 1800ஆம் ஆண்டுத் தேர்தல்

ஒரு தேர்தலின் முடிவு ஐயத்திற்குள்ளாகும்போது, தனித்தனியே விடை காண வேண்டிய இரு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வாக்குகள் எவ்வாறு எண்ணப்பட்டன, சட்டம் என்ன விதித்திருந்தது, யார் எதைச் செய்தார் என்பது ஒன்று. அதைச் செய்தவர் எந்த உள்நோக்கத்தால் செய்தார் என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆவணமும் சாட்சியும் கிடைக்கும். பின்னதற்குச் சான்று அரிது. ஆயினும் மக்கள் பின்னதற்கே விரைந்து விடை கூறுகிறார்கள். தம் தரப்புத் தலைவருக்கு நாட்டுப்பற்றையும் எதிர்த்தரப்புத் தலைவருக்குப் பதவி வேட்கையையும் கற்பித்துவிட்டு, அதனைக் கண்ணால் கண்டதுபோல் நம்பவும் செய்கிறார்கள். மனிதனொருவன் மற்றொருவனின் நெஞ்சுக்குள் இருப்பதை அறிந்து தீர்ப்புரைக்க இயலுமா, இயலாதெனில் அரசியல்வாதிகளைப் பற்றிய அறத்தீர்ப்பு என்பதே இல்லாமற்போகுமா என்பது இறையியலும் மெய்யியலும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் சிக்கல். அதனை ஏட்டளவில் மட்டுமன்றித் தம் வாழ்க்கையிலும் எதிர்கொண்டு, அதன் காரணமாகவே பகைத்துப் பின்னர் மீண்டும் நட்பானவர்கள் அமெரிக்காவின் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்சும் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனும்.

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் பெடரலிஸ்ட் கட்சியின் வேட்பாளர். அவரது துணை அதிபராக இருந்த ஜெஃபர்சன் குடியரசுக் கட்சியின் வேட்பாளர். அன்றைய அரசியலமைப்பின்படி அதிபரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பெற்ற தேர்வாளர் ஒவ்வொருவரும் இரு வாக்குகளை அளித்தனர். அவற்றுள் எது அதிபருக்கு, எது துணை அதிபருக்கு என்று குறிப்பிட வழியில்லை. ஆகவே ஜெஃபர்சனும், துணை அதிபராக வேண்டுமென்று அவரது கட்சியே நிறுத்திய ஏரன் பர்ரும் தலைக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றனர். ஆடம்ஸ் 65 பெற்றுத் தோற்றார். 1801 பிப்ரவரி 11 அன்று வாக்குச் சான்றிதழ்களைத் திறந்து அறிவிக்கும் பொறுப்பு செனட் அவையின் தலைவர் என்ற முறையில் ஜெஃபர்சனிடமே இருந்தது. ஜார்ஜியா மாநிலம் அனுப்பிய சான்றிதழ் உரிய வடிவில் இல்லாதபோதும், அதன் 4 வாக்குகள் அவருக்கும் பர்ருக்கும் சேர்த்தே எண்ணப்பட்டன. ஜார்ஜியாவின் ஆதரவு உண்மையில் அவர்களுக்கே இருந்தது என்பதால் இதில் அநீதி நேர்ந்ததாகக் கொள்ள இடமில்லை. எனினும் தமக்குரிய வாக்கைத் தாமே ஏற்ற ஒருவரின் நோக்கத்தை நட்புக்கண் ஒருவகையாகவும் பகைக்கண் வேறுவகையாகவும் காணும் என்பதில் ஐயமில்லை.

சமநிலையை முறிக்கும் கடமை பிரதிநிதிகள் அவைக்கு வந்தது. அங்கு மாநிலத்திற்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9இன் ஆதரவு வேண்டும். ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, பிளவுபட்டவை 2 என்ற நிலையே 35 சுற்றுகள் நீடித்தது. டெலவேர் மாநிலத்தின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயார்ட் என்ற பெடரலிஸ்ட் தம் நிலையை மாற்றிக்கொண்டதையடுத்து, பிப்ரவரி 17 அன்று நடந்த 36ஆம் சுற்றில் 10 மாநிலங்களின் ஆதரவோடு ஜெஃபர்சன் வென்றார். பேயார்ட் ஏன் மாறினார்? அரசுக் கடனை மதித்தல், கடற்படையைப் பேணல், கீழ்நிலை அலுவலர்களைப் பதவியில் தொடரவிடல் ஆகியவை குறித்து மேரிலாந்து உறுப்பினர் சாமுவேல் ஸ்மித் வழியாக ஜெஃபர்சனின் உறுதி கிடைத்தது என்று 1806இல் பேயார்ட் சத்தியவாக்குமூலம் அளித்தார். அதே ஆண்டில் ஜெஃபர்சன் தம் குறிப்பேட்டில் அப்படி எந்த உடன்பாடும் இல்லை என்று திட்டவட்டமாக மறுத்தெழுதினார். பேயார்ட் குறிப்பிட்டுக் கேட்ட ஒரு சுங்க அலுவலர் ஜெஃபர்சன் ஆட்சியில் பதவி இழக்கவில்லை என்பது ஆவணத்தால் அறியப்படுவது. அது பேரத்தின் பயனா, தகுதிக்கு அளித்த மதிப்பா என்பதை அறிவதற்கான வழியை இருநூறாண்டு ஆராய்ச்சியும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்மித் நட்பு முறையில் கருத்துக் கேட்டதாக ஜெஃபர்சனும், அவர் கூறிய விடையை வாக்குறுதியாகப் பேயார்டும் மெய்யாகவே எண்ணியிருக்கலாம். இருவருள் ஒருவர் பொய்யர் என்று முடிவுகட்டுவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

ஆடம்சின் நடத்தையும் இத்தகைய புதிராகவே நின்றது. 1801 மார்ச் 4 அன்று, புதிய அதிபர் பதவியேற்பதற்குச் சில மணி நேரம் முன், விடியற்கு முன்னரே அவர் தலைநகரை விட்டுப் புறப்பட்டார். தோல்வியைத் தாளாத சினம் என்று பலர் அதற்குப் பொருள் கூறினர். ஆனால் தோற்ற அதிபர் விழாவில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்பதற்கு அதுவரை முன்மாதிரியே இல்லை; அவரது இரண்டாம் மகன் சார்லஸ் இறந்து மூன்று திங்களே ஆகியிருந்தது. புறப்பாடு உண்மை, அதன் காரணம் பிறரது ஊகம்.

இவ்வாறு ஊகத்திற்கு இரையான ஆடம்ஸ்தான் அரசியல்வாதியை இயக்குவது எது என்ற வினாவை அத்தலைமுறையில் மிக ஆழமாக ஆராய்ந்தவர் என்பது குறிக்கத்தக்கது. 1790இலும் 1791இலும் டவிலா பற்றிய உரைகள் என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரைத்தொடர், ஆடம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட அறவுணர்வுகள் பற்றிய நூலின் வழிநின்று, மனிதனின் தலையாய வேட்கை பொருளோ அதிகாரமோ அன்று, பிறர் கண்ணுக்குப் புலப்பட்டு அவர்களால் மதிக்கப்பட வேண்டுமென்ற விழைவே என்று வாதிட்டது. பசிக்கு நிகரான இயற்கைத் தேவை அது. வறியவனின் கொடுந்துயர் பட்டினி மட்டுமன்று, கூட்டத்தின் நடுவிலும் எவராலும் காணப்படாமல் இருப்பதும் ஆகும். அந்த விழைவே போர்வீரனையும் அறிஞனையும் ஆட்சியாளனையும் பொதுத்தொண்டிற்குத் தூண்டுகிறது. கட்டுக்கடங்காதபோது அதுவே கொடுங்கோன்மையாகிறது. ஆகவே நாட்டுப்பற்று, பதவி வேட்கை என இரு வேறு உள்நோக்கங்களைப் பிரித்து, நல்லவரிடம் ஒன்றையும் தீயவரிடம் மற்றொன்றையும் வைப்பது ஆடம்சின் பார்வையில் பொருந்தாது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.

ஜெஃபர்சனின் நிலைப்பாடு வேறு. நன்மை தீமைகளைப் பகுத்துணரும் அறவுணர்வு என்றொரு புலனை இயற்கை மனிதர் அனைவருக்கும் வழங்கியிருக்கிறது என்றும், கண்ணும் காதும்போல் அது கல்வியின்றியே இயங்குவதால் உழவன் பேராசிரியனைவிடச் செம்மையாக அறத்தீர்ப்புக் கூறக்கூடும் என்றும் அவர் கருதினார். மக்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அறமும் ஆற்றலும் உடையோரே ஆட்சிக்கு வருவர் என்று 1813 அக்டோபர் 28ஆம் நாளிட்ட கடிதத்தில் அவர் ஆடம்சுக்கு எழுதினார்; பிறப்பாலும் செல்வத்தாலும் உயர்ந்தோரை அவர் செயற்கை மேன்மக்கள் என்றார். ஆடம்ஸ் நவம்பர் 15 அன்று எழுதிய மறுமொழி இப்பிரிவினையை ஏற்கவில்லை. எதிர்ப்படும் முதல் நூறு பேரைக் கொண்டு ஒரு குடியரசு அமைத்தாலும், விவாதம் தொடங்கியதும் அவர்களுள் இருபத்தைந்து பேர் தம் வாக்கோடு பிறர் வாக்கையும் ஈர்த்துக்கொள்வர் என்றும், அழகு, செல்வம், குலம் ஆகியவையும் ஆற்றலைப் போலவே மக்களை ஈர்ப்பதால் தேர்தல் என்னும் சல்லடை அறத்தை மட்டும் பிரித்தெடுக்காது என்றும் அவர் கூறினார். தேர்தல்களின் நடப்பை அறிந்தவர்க்கு இதில் ஆடம்சின் கையே ஓங்கியிருப்பதாகத் தோன்றும்.

ஆனால் சிந்தனையாளர் தம் கொள்கையைப் பிறர்மேல் ஏவும்போது நேர்வதை இவ்விருவரின் முற்கால நடத்தை காட்டுகிறது. 1793இன் முடிவில் ஜெஃபர்சன் வெளியுறவுச் செயலர் பதவியைத் துறந்து ஊர் திரும்பியபோது, அடக்கமானவர் என்ற பெயரைச் சம்பாதித்து மேலும் உயர்வதற்கே இத்துறவு என்றும், அவர் தம்மையே ஏமாற்றிக்கொண்டிருக்கவும் கூடும் என்றும் ஆடம்ஸ் தம் மகனுக்கு எழுதினார். கூர்மையான இந்த ஊகம் உண்மையாகவும் இருக்கலாம். எனினும் பிறரது தன்னேமாற்றத்தைக் கண்டுகொண்டவர், அதே நேரத்தில் துணை அதிபராக இருந்த தம்முள்ளும் அது இயங்கியிருக்கக்கூடும் என்று அக்கடிதத்தில் ஐயுறவில்லை. மனிதரை நம்பிய ஜெஃபர்சனும் 1799இல், பதவியின்மீது ஒருவன் ஏக்கப் பார்வை செலுத்திய கணமே அவன் நடத்தை அழுகத் தொடங்குகிறது என்னும் கருத்தை எழுதினார். மறு ஆண்டு அவரே நாட்டின் தலையாய பதவிக்குப் போட்டியிட்டார். 1804இல் ஜெஃபர்சனின் மகள் மறைந்தபோது ஆடம்சின் மனைவி அபிகெய்ல் இரங்கல் எழுத, ஜெஃபர்சனோ ஆடம்ஸ் பதவியின் இறுதி நாட்களில் செய்த நியமனங்கள் தம்மைத் தனிப்பட்ட முறையில் புண்படுத்தின என்று குறிப்பிட்டார். ஆடம்சை இழித்தெழுதிய காலெண்டர் என்ற எழுத்தாளருக்கு ஜெஃபர்சன் பண உதவி செய்ததை அபிகெய்ல் சுட்டினார். உதவி இரக்கத்தால் அளித்ததே என்று அவர் விளக்கியும் அபிகெய்ல் ஏற்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அக்கடிதத் தொடர்பும் அறுந்தது. செயல்கள் பற்றிய வேறுபாடு தீர்க்கக்கூடியதாகவே இருந்தது. உள்நோக்கம் பற்றிய குற்றச்சாட்டே நட்பை முறித்தது.

பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இருதரப்புக்கும் எழுதி எழுதி இணக்கம் தேடியபின், 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் முதற்கடிதம் அனுப்பினார். இருவரும் இறப்பதற்கு முன் தம்மை ஒருவர்க்கொருவர் விளக்கிக்கொள்ள வேண்டும் என்று அடுத்த ஆண்டில் அவர் எழுதியதே இப்புதிய நட்பின் இலக்கணம். பிறரது நெஞ்சைப் பற்றித் தீர்ப்புரைக்கும் முயற்சி கைவிடப்பட்டுத் தம் நெஞ்சைத் திறந்துகாட்டும் முயற்சி அங்கே தொடங்குகிறது. 1816 பிப்ரவரி 2ஆம் நாளிட்ட ஆடம்சின் கடிதம் இதன் உச்சம். அதிகாரம் எப்போதும் தன்னைப் பேருள்ளம் படைத்ததாகவே எண்ணுகிறது என்றும், இறைவனின் கட்டளைகளையெல்லாம் மீறும் பொழுதிலும் இறைவனுக்கே தொண்டு செய்வதாக நம்புகிறது என்றும், வேட்கைகள் அத்துணை நுட்பமாக வாதாட வல்லவை ஆதலால் அறிவையும் மனச்சான்றையும் தம் கட்சிக்கு மாற்றிக்கொள்கின்றன என்றும் அவர் அதில் கூறுகிறார். தூய்மைவாதக் கிறித்தவ மரபில் பிறந்து, ஆதிப்பாவக் கோட்பாட்டைக் கைவிட்ட பின்னும், அம்மரபின் தன்னாய்வுப் பழக்கத்தை விடாத ஒருவரின் குரல் இது. இக்கூற்றின் விளைவு பெரிது: அரசியல்வாதியின் மனச்சான்றே அவனை ஏமாற்றக்கூடுமெனில், அவனது நேர்மை அவன் செயலுக்கு நியாயமாகாது, அவ்வாறே அவனை வெறுப்பவரின் மனச்சான்றும் வெறுப்பின் கட்சிக்கு மாறியிருக்கக்கூடும் என்பதால், அவனது தீய நோக்கம் பற்றிய உறுதியும் சான்றாகாது. எஞ்சுவது செயலும் அதன் விளைவும். தேர்வாளர்கள் அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியே வாக்களிக்க வகைசெய்து 1804இல் நடைமுறைக்கு வந்த 12ஆம் சட்டத்திருத்தம் எவருடைய நெஞ்சையும் ஆராயவில்லை. துணை அதிபராக நிறுத்தப்பட்ட பர்ரைப் போன்ற ஒருவர் அதிபர் பதவிக்கும் சமநிலையில் நிற்க இடமளித்த வாயிலை மட்டும் அடைத்தது.

உள்நோக்கத்தை ஒதுக்கிவைத்துச் செயலை ஆராயும் இதே அளவுகோல் இவ்விருவரின் நட்பையும் உறுத்த வேண்டும். அடிமைகளுக்கு வாக்குரிமை இல்லாதபோதும் அவர்களது தொகையில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கிட்டுத் தென் மாநிலங்களுக்குக் கூடுதல் தேர்வாளர்கள் வழங்கப்பட்டனர். அக்கூடுதல் தேர்வாளர்கள் இல்லையெனில் 1800இல் ஆடம்சே வென்றிருப்பார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. அத்தேர்தலின் ஆழமான குறை அதுவே. ஆடம்ஸ் அடிமைகளை வைத்திருந்தவரல்லர். ஆயினும் 1821இல் எழுதிய கடிதத்தில் அச்சிக்கலைத் தென்னாட்டாரின் முடிவுக்கே விட்டுவிட்டார். இருவர் பேச்சும் இனிமையாக நீண்டதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம். அதன் விலையை அவர்கள் கொடுக்கவில்லை. ஜெஃபர்சன் மறைந்த மறு ஆண்டு அவரது கடனுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் ஏலம் விடப்பட்டனர். இரு நண்பர்களின் நல்லெண்ணம் மெய்யானதென்று ஒப்புக்கொண்டாலும் இதனை மன்னிக்க இயலாது.

எனினும் பிறரது உள்நோக்கம் பற்றி அவர்கள் கற்ற பாடம் மெய்யானது என்பதற்கு 1823 ஒரு சோதனையாயிற்று. பகைக்காலத்தில் ஆடம்ஸ் வேறொருவருக்கு ஜெஃபர்சனைக் கடுமையாகத் தாக்கி எழுதிய கடிதங்கள் அவர் இசைவின்றி அச்சேறின. அக்டோபர் 12 அன்று ஜெஃபர்சன், பழைய சினத்தின் சொற்கள் அரை நூற்றாண்டு நட்பைக் கலைக்க இடந்தர மாட்டேன் என்ற பொருள்பட எழுதி முந்திக்கொண்டார். ஈராண்டுக்குள் மற்றொரு தேர்தல் வழக்காயிற்று. 1824இல் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளோடு முதலிடம் பெற்றும் பெரும்பான்மை எட்டாததால், 84 பெற்ற ஜான் குவின்சி ஆடம்சை, ஆடம்சின் மகனை, பிரதிநிதிகள் அவை 1825 பிப்ரவரி 9 அன்று அதிபராக்கியது. அவரை ஆதரித்த ஹென்றி கிளே வெளியுறவுச் செயலரானதும் கள்ளப்பேரம் என்ற கூக்குரல் நாடெங்கும் எழுந்தது. கிளேயின் நோக்கம் இன்றும் விவாதப்பொருளே. மற்றொரு வேட்பாளரான வில்லியம் கிராஃபோர்டின் வெற்றியை விரும்பியிருந்த ஜெஃபர்சன், பிப்ரவரி 15 அன்று தம் பழைய எதிரிக்கு எழுதி, மகனின் உயர்வைக் காணும் தந்தையின் மகிழ்ச்சியில் பங்குகொண்டார். ஒவ்வொரு குடிமகனும் தானே தேர்ந்தெடுத்தவரைப் போல மக்கள் அம்முடிவை ஏற்பர் என்றும் உறுதி கூறினார். ஜாக்சனின் ஆதரவாளர்கள் அவ்வாறு ஏற்கவில்லை. 1828இல் அவர்கள் அதிபரைத் தோற்கடித்தது வாக்குப்பெட்டியின் வழியாக.