விருகோதரன் வேண்டிய விரதம்



உத்ஸவ காலத்தில் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். புளியோதரையும் அக்காரவடிசிலும் மணக்கும் மடப்பள்ளி வாசலிலேயே அதைச் சொல்லுவது உசிதம் என்பது அடியேன் எண்ணம்.

பசியில்லாதபோதே உண்பது, வீட்டார் உறங்கிய பின் தனித்து உண்பது, வயிறு நோகுமளவும் கை நில்லாமல் உண்பது, பின் வெட்கி மறுநாள் பட்டினி கிடந்து அன்றிரவே மீண்டும் அதில் வீழ்வது. இத்துன்பம் பல இல்லங்களில் உண்டு, வெளியில் சொல்வாரில்லை.

பீமசேனன் சொன்னான். விருகோதரன், அதாவது ஓநாயின் வயிறு படைத்தவன், என்றே அவனுக்குப் பெயர். தாயார் குந்தியும், தமையனார் தர்மபுத்ரரும், தம்பியரும், திரௌபதியும் ஏகாதசிதோறும் உபவாஸம் இருக்கிறார்கள். தன்னால் ஒரு வேளையும் பசி பொறுக்க முடியவில்லை என்று வியாஸ பகவானிடம் விண்ணப்பித்தான். நரக பயமுள்ளவன் இரு பக்ஷத்து ஏகாதசியிலும் உண்ணலாகாது என்றார் வியாஸர். மலைகளைப் பெயர்க்கும் அந்த வீரன் அரசிலை போல் நடுங்கினான். ஆனால் நடுக்கம் அவனுக்கு உபவாஸ பலத்தைத் தரவில்லை. அதன் பின்னரே, ஜ்யேஷ்ட மாத சுக்லபக்ஷ ஏகாதசி ஒன்றை மட்டும் நீரும் பருகாமல் நோற்கும்படி அருளினார். அவனால் இயன்ற அளவு அது. அவனும் நோற்றான். இன்றும் அந்நாளுக்குப் பீம ஏகாதசி என்று பெயர் வழங்குகிறது.

இதைப் படித்துவிட்டு நிர்ஜல விரதத்திற்குப் புறப்பட வேண்டா. மிகுதியாக உண்பவனைப் போலவே அறவே உண்ணாதவனையும் யோகத்திற்கு ஆகாதவன் என்று கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் ஒதுக்கிவிடுகிறான். பட்டினியும் பெருந்தீனியும் ஒன்றையொன்று வளர்க்கும். (ஏகாதசியன்று பலகாரம் என்ற பெயரில் நம் வீடுகளில் கிண்டப்படும் உப்புமாவின் அளவை எம்பெருமானே அறிவான்!)

அப்படியாயின் மனத்திற்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? 2-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு நுட்பம் காட்டுகிறான். உணவை விலக்கினால் உணவுதான் விலகும், அதன் ருசி உள்ளேயே தங்கிவிடும். அதனினும் உயர்ந்த ஒன்றைக் கண்டபோதே அந்த ருசியும் கழலும் என்பது அதன் கருத்து. ஆகவே உடம்பின் மீதுள்ள வெறுப்போ, பிறர் பரிஹாஸமோ நெடுநாள் துணைவாரா. இந்தச் சரீரம் எதற்கு வேண்டும் என்ற கேள்விக்கு அவரவர் விடை காண வேண்டும். ஒருவருக்கு மலையேறி ஸேவிக்கும் ஆசை. ஒருவருக்குத் திருமாலை கட்டும் கைங்கர்யம். ஒருவருக்குப் பேரக்குழந்தையைத் தோளில் சுமந்து தேர் காட்டும் ஆசை. எதுவாயினும் அது தம்முடையதாக இருக்க வேண்டும்.

ஆண்டாள் திருப்பாவையின் 2-ஆம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்குகிறாள். 27-ஆம் பாசுரத்தில் அதே நெய்யும் பாலும் திரும்பி வருகின்றன. நடுவில் நெய் மாறிவிடவில்லை. கண்ணன் கிடைத்துவிட்டான். தோழியர் சூழ, அவனோடு கூடி உண்ணும் விருந்து அது. இருட்டில் ஒளித்து உண்பதற்கு நேர் எதிர்.

வயிற்றில் வைச்வாநர அக்னியாய் இருந்து உணவைச் செரிப்பவன் தானே என்றும் 15-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் அருளினான். ஆகையால் உண்பதும் ஒரு ஹோமமே. ஹோமம் செய்பவர் நின்றுகொண்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டும் நெய்யைக் குடத்தோடு கவிழ்ப்பதில்லை. இலையிட்டு அமர்ந்து, நிவேதனம் செய்து, வேளை தவறாமல் உண்பவருக்கு இரவுப் பசியின் வேகம் பெரும்பாலும் தணியும். ஒரு நாள் தவறினால் மறுநாள் பட்டினி வேண்டா. வழக்கமான வேளையில் வழக்கமான உணவே போதும்.

எவ்வளவு முயன்றும் கை நில்லாதவர்கள் இதைப் பாபமென்று எண்ணிக் குமைய வேண்டா. 2013-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் இதைத் தனியொரு நோயாகவே சேர்த்தது, சிகிச்சையும் உண்டு. பீமன் வியாஸரிடம் சென்றதுபோல் மருத்துவரிடம் சென்று உள்ளதைச் சொல்லலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் எந்த உபவாஸத்திற்கும் முன் அவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

இன்று புறப்பாடு ஸேவித்தபின் பிரஸாதம் வழங்கப்படும். ஒரு தொன்னை வாங்கி, உடன் வந்தவர்களோடு மண்டபத்தில் அமர்ந்து நிதானமாக ஸ்வீகரியுங்கள். இரண்டாம் தொன்னைக்குப் பின்னால் வரிசையில் குழந்தைகள் நிற்கிறார்கள்.