ஆடை நீத்தலும் ஆசை நீத்தலும்

வண்ணார்பேட்டையில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஒருநாள் கழுகுமலைக்குச் சென்று பாண்டியர் காலத்துச் சமணச் சிற்பங்களைத் தரிசித்தோம். கொடி படர்ந்த மேனியராய், ஆடையின்றி நிற்கும் பாகுபலியின் திருவுருவைக் கண்டு, சுற்றுலா வந்த மாணவர் சிலர் வாய்பொத்திச் சிரித்தனர். நாம் அவர்களுக்கு விளக்கம் ஏதும் கூறவில்லை. யாரோ அயலார் போல் அவ்விடம் விட்டு நகர்ந்தோம்.

அன்று மாலை தாமிரபரணிப் படித்துறையில் அமர்ந்திருந்தபோது, உடன் வந்த மருமகன் ஒரு வினா எழுப்பினார். அவர் நண்பர்களோடு கர்நாடகத்துக் கோகர்ணத்திற்குச் சென்று வந்தவர். பாறைக் குன்றுகளைக் கடந்து நடந்தோ, படகில் ஏறியோ அடைய வேண்டிய ஒதுக்கமான கடற்கரைகள் அங்குண்டு. வெளிநாட்டார் சிலர் முன்னாளில் அங்கே ஆடையின்றிக் கடலாடியதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். "மாமா, அவர்கள் செய்தால் வெட்கக்கேடு என்கிறோம்; முனிவர் செய்தால் கைகூப்புகிறோம். உடல் ஒன்றுதானே, வேறுபாடு எங்கே?" என்றார்.

இது சினந்து அடக்க வேண்டிய வினா அன்று. ஆடையற்ற வாழ்வை ஒரு கொள்கையாகவே கொண்டவர் உலகில் உளர். 1891இல் பம்பாய் மாகாணத்தில் தாணா மாவட்ட நீதிபதியாயிருந்த கிராஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் இதற்கெனச் சிறு சங்கமே நிறுவினார், உறுப்பினர் மூவரே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இஃது ஓர் இயக்கமாக வளர்ந்தது. காற்றும் கதிரொளியும் உடலுக்கு நலம். உடலைக் கண்டு நாணுவது வீண் என்பது அவர்தம் கூற்று. இதில் ஒரு பகுதி நமக்கும் உடன்பாடே. அருவருப்பை நம் ஆகமங்கள் ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்றாக எண்ணுகின்றன. உடலை இகழ்ந்து நகைப்பவன் தூயவன் ஆகிவிடான்.

ஆயினும் வேறுபாடு உண்டு. கடற்கரையை நாடுவோர் இன்பம் கருதி ஆடை களைகின்றனர். முனிவருக்கோ ஆடையின்மை, தாங்க வேண்டிய 22 பரீஷகங்களுள் ஒன்று. குளிரும் வெயிலும் கொசுக்கடியும் அதனோடு வருவன. அவர்கள் நீராடச் செல்கின்றனர். முனிவரின் 28 மூலகுணங்களுள் ஆடையின்மையோடு நீராடாமையும் அடங்கும். அவர்கள் மறைவிடம் தேடுகின்றனர். முனிவர் பகலில், ஊர்த்தெரு வழியே ஆகாரத்திற்கு நடக்கின்றார். அவர்கள் கழற்றிய உடை கரையில் காத்திருக்கிறது; முனிவருக்குத் திரும்பி உடுக்க உடை இல்லை.

மேலும், நம் நெறியில் ஆடை ஒரே நாளில் வீழ்வதன்று. இல்லறத்தான் பதினொரு பிரதிமைகளில் படிப்படியாக ஏறுகின்றான். க்ஷுல்லகர் கோவணமும் ஒரு மேலாடையும் கொள்வர். ஐலகர் கோவணம் மட்டுமே கொள்வர். அதற்கும் அப்பால்தான் திகம்பரம். புறப்பற்று பத்து, அகப்பற்று பதினான்கு என்பர் ஆன்றோர். அகத்தே வெகுளியும் செருக்கும் மாயமும் பேராசையும் குறையாமல் புறத்தே துணியை மட்டும் களைந்தால், நெல்லின் உமியை நீக்காமல் சாக்கை மட்டும் பிரித்தது போலாகும்.

இவ்வாறு விடை கூறி முடித்தபோது மருமகன் அமைதியாகக் கேட்டார்: "அப்படியானால், காலையில் அந்த மாணவர்களிடம் இதை ஏன் சொல்லவில்லை?"

நமக்கு மறுமொழி வாய்க்கவில்லை. 'அம்மணம்' என்னும் சொல்லே 'அமணர்' என்னும் நம் முன்னோர் பெயரினின்று பிறந்ததென்பர் சொல்லறிஞர். அவர்தம் மாபெரும் விரதம் மக்கள் வழக்கில் வெறும் உடற்குறிப்பாய்ச் சுருங்கிற்று. கழுகுமலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளோ, அத்திருவுருவங்களைச் செய்வித்த ஆசிரியர், மாணாக்கர், குரத்தியர் ஆகியோர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அவர்கள் நாணவில்லை, தம் பெயரைப் பாறையிலேயே பொறித்தனர். நாணியவர் நாமே. அந்நாணம் திருவுருவைக் கண்டு வந்ததன்று. பிறர் நம்மை என்ன நினைப்பாரோ என்னும் மானக் கஷாயத்தால் வந்தது. நாம் களைய வேண்டிய முதல் ஆடை அதுவே.

இல்லறத்தாராகிய நமக்குத் திகம்பரம் இப்பிறவியில் கைகூடாமல் போகலாம். பரிக்கிரகப் பரிமாணம் கைகூடும். இவ்வளவு போதும் என உடைக்கும் பொருளுக்கும் ஓர் எல்லை வகுத்துக்கொள்வோம். பிள்ளைகள் வினவினால் வெட்கி விலகாமல், பொறுமையாக விளக்குவோம். பிறர் நகைத்தால், அவரையும் பகையாது அவ்விளக்கத்தையே அளிப்போம். அடுத்த முறை கழுகுமலை செல்லும்போது, நகரமாட்டோம், நின்று சொல்வோம்.

அறம் வெல்க!