சொல்லும் ஓர் அமானிதம்

நூலொன்றைப் படித்துச் செல்கையில் அறியாத சொல் ஒன்று எதிர்ப்படுகிறது. அகராதி அருகில் இல்லை. கேட்டறிய ஆளும் இல்லை. முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைக் கொண்டு ஒரு பொருளை உய்த்துணர்ந்து மேலே செல்கிறோம். இது முறைதானா? அறியாததை அறிந்ததாகக் கொள்ளும் குற்றம் இதில் இல்லையா?

ஊகித்தல் குற்றமன்று என்பதே முதலில் கூறத்தக்கது. எந்தக் குழந்தையும் அகராதியைப் புரட்டித் தாய்மொழியைக் கற்பதில்லை. ‘தண்ணீர் மொண்டு வா’ என்று தாய் சொல்லக் கேட்கிறது, அக்காள் குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தக் காண்கிறது, ‘மொள்ளுதல்’ விளங்கிவிடுகிறது. ஊகம் அறிவின் வாயில். ஆனால் வாயிலையே வீடென்று எண்ணி அங்கேயே தங்கிவிடுவோர் பலர்.

அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டத்தில் ஆலத்தியூர் என்றோர் ஊர் உண்டு. அப்பெயரை முதன்முறை படிப்பவர் என்ன பொருள் கொள்வார்? ஆலும் அத்தியும் நின்ற ஊர் என்பார் ஒருவர். ‘ஆலத்தி’ என்பது ஆரத்தியையும் குறிக்குமாதலின், ஆலத்தி எடுத்த ஊர் என்பார் மற்றொருவர். ‘அத்தி’ என்னும் சொல்லுக்கு எலும்பு, கடல் என்னும் பொருள்களும் உள. அரியலூர் வட்டாரமோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரந்திருந்த நிலம். சுண்ணாம்புப் பாறைகளும், கல்லாய்ச் சமைந்த கடலுயிர்களும் நிறைந்த மண். ‘கண்டேன் பொருளை!’ என்று மூன்றாமவர் துள்ளிக் குதிப்பார். எவ்வளவு அழகிய பொருத்தம்! ஆயின், கேரளத்தில் திரூருக்கு அருகிலும் ஆலத்தியூர் என்றோர் ஊர் இருப்பதை அறிந்ததும் அவர் சற்றே தயங்க வேண்டியிருக்கும். பொருத்தத்தின் அழகு சான்றாகிவிடாது. பழைய ஆவணமோ கல்வெட்டோ வந்து பேசும்வரை இவை மூன்றும் ஊகங்களே.

சொல்லைப் போலவே கல்லையும் மனிதன் உருவம் கண்டு படித்துவிடுகிறான். 2020ஆம் ஆண்டில், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் நீர்நிலையொன்றில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி காட்டுத்தீயெனப் பரவியது. நிலவியல் அறிந்தோர் வந்து ஆராய்ந்தபின், அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரின் எச்சத்தோடு படிவு திரண்டு உருவான கற்கள் அவை எனத் தெரிந்தது. முட்டை என ஐயுற்றது பிழையன்று; கேட்டறியுமுன் ஊரெங்கும் சொல்லிப் பரப்பியதே பிழை.

அதே குன்னத்திலும் அரியலூரிலும் இளமையில் வாழ்ந்து தமிழ் பயின்றவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1880இல், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். சைவ நூல்களில் தோய்ந்திருந்த அவருக்கு அச்சமண நூலின் சமயச் சொற்கள் பல விளங்கவில்லை. தாம் கற்ற தமிழைக் கொண்டு ஏதோ ஒரு பொருளைப் பொருத்தியிருக்கலாம். அவர்தம் புலமைக்கு அஞ்சி எவரும் மறுத்திருக்கமாட்டார்கள். அவரோ அவ்வூர்ச் சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று, அச்சொற்களை வாழ்வில் வழங்கிவந்தவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. பிற சமயத்தார் வாசலில் மாணாக்கராய் நின்றதால் அவர் புலமை குறைந்ததா? வளர்ந்ததன்றோ!

இச்செய்தி நமக்கு மிக நெருங்கியது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் புதிதாய்ப் படிக்கும் தமிழன்பர் ‘தீன்’ என்ற சொல்லைக் காணும்போது, மார்க்கம் என்று அறியாராயின் தீனியை எண்ணக்கூடும். ‘வலி’ என்றால் இறைநேசர் என்பதறியாது நோவென்று கொள்ளக்கூடும். அவற்றைச் சிரித்து மறந்துவிடலாம். ஆனால் ‘ஜிஹாத்’ என்ற சொல், முயற்சி என்னும் அதன் அடிப்படைப் பொருள் கேட்டறியப்படாமல், செய்தித்தாள் ஊகத்தாலேயே பொருள் கொள்ளப்படும்போது, அண்டை வீட்டாரின் பார்வையே மாறிவிடுகிறதே! அங்கே சொல்லோடு அதனை வழங்கும் மக்களும் தவறாகப் படிக்கப்படுகின்றனர்.

நமக்கிழைக்கப்படும் இத்தவற்றை நாம் பிறர்க்கு இழைக்காதிருக்கிறோமா? நாம் நாள்தோறும் வழங்கும் ‘பள்ளி’ என்ற சொல் பண்டு சமணர் உறைவிடத்தையும் குறித்தது. ‘நோன்பு’ பல சமயத்தார்க்கும் பொதுவானது. இவ்வாறு சொற்களைப் பகிர்ந்து வாழும் நாம், பிறர்தம் வழிபாட்டுச் சொற்களின் பொருளை அவர்களிடம் கேட்டிருக்கிறோமா? அல்லது நாமே ஒரு பொருளைச் சூட்டி, அதன்மேல் தீர்ப்பும் வழங்கிவிட்டோமா?

சொல் ஓர் அமானிதம். அதன் பொருளை உடையவர் வேறொருவர். ஊகத்தால் அதனைத் தற்காலிகமாகக் கையாளலாம்; உரியவரைக் கண்டதும் கேட்டுச் சரிபார்ப்பதே நேர்மை. தனக்குள் ஊகித்துப் படிப்பவன் பிழைபட்டால் அவனோடு போயிற்று. அவ்வூகத்தையே பிறர்க்கு உரையாகச் சொல்பவன் பிறர் பிழைக்கும் பொறுப்பேற்கிறான்.

மாலையில் நம் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து, “வாப்பா, இதற்கு என்ன பொருள்?” என்று கேட்பார்கள். தெரிந்தால் சொல்வோம். தெரியாவிடில், “இவ்வாறு இருக்கலாமென எண்ணுகிறேன், அறிந்தவரைக் கேட்போம்” என்று சொல்வோம். அப்பிள்ளை அன்று கற்பது ஒரு சொல்லின் பொருளை மட்டுமன்று. அறிந்ததற்கும் எண்ணியதற்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் கற்கிறது.